ஒப்பந்தத்தில் நம் பிள்ளையின் கையெழுத்து எங்கே?

(கூடலூரில் இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'தொழிற்கல்வியும் வேலைவாய்ப்பும்'. இந்தத் தலைப்பில் பேச யாராவது கம்பெனி மனிதவள அதிகாரியைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் கோட்டு போட்டு வந்து, திறன் இருந்தால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார். நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சி மாணவி. எனக்கே இன்னும் வேலை இல்லை. ஆகவே வேலை கிடைக்கும் வழி பற்றிப் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடமும் கல்லூரியும் முதலாளியும் சேர்ந்து போடுகிற ஒப்பந்தங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த ஒப்பந்தம் ஒன்றின் வழியாகப் போய் வந்தவள் என்பதால் அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

விடிவதற்கு முன்னால் கம்பம் மெட்டு ரோட்டிலும் லோயர் கேம்ப் பக்கமும் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாகப் போகும். என் அம்மா இருபது வருசத்துக்கு மேல் அந்த ஜீப்பில் போனவர். காய் எடுக்கிற சீசனில் லீவு நாள் என்றால் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். இந்தப் பள்ளத்தாக்கில் படிப்புக்கும் வேலைக்கும் ரொம்ப காலமாக இருக்கிற 'இணைப்பு' அந்த ஜீப்தான். பத்தாவது பெயிலா, ஜீப். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, ஜீப். அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்பட்டதில்லை. தெருவின் பெயரே போதுமானதாக இருந்தது.

பத்தாம் வகுப்பில் நான் ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. முதல் குரூப் கேட்டேன். அட்மிஷன் போட்ட சார் மார்க் ஷீட்டைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார். "நர்சிங் குரூப் போடும்மா. பிளஸ் டூ முடிச்சவுடனே கையில ஒரு தொழில் இருக்கும். உங்களுக்கு அதுதான் நல்லது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் 'உங்களுக்கு' என்று அவர் சொன்னது என் ஒருத்தியை அல்ல. முந்நூற்று எழுபது எடுத்த இன்னொரு பெண்ணுக்கு முதல் குரூப் கிடைத்தது. அவளிடம் யாரும் 'கையில ஒரு தொழில்' பற்றிப் பேசவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது 1978-ல். தொழிற்பிரிவும் அதோடு வந்தது. விவசாயம், செவிலியம், மின்பொறியியல், ஆட்டோமொபைல், அலுவலக மேலாண்மை என்று பாடங்கள். பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வொக்கேஷனல் குரூப்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை, அரசுப் பள்ளியில் படித்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி பெஞ்சை ஒரு தனி அறையாகக் கட்டியது மாதிரி இருக்கும்.

பிளஸ் ஒன்னில் எங்களை ஒரு தனியார் மருத்துவமனைக்கு உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். ஆறு பெண்கள் போனோம். முதல் நாள் அங்கே இருந்த ஒரு மூத்த அம்மா வரிசையாக விசாரித்தார். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" அவ்வளவுதான். அன்றைக்கே பிரிவினை ஆகிவிட்டது. இரண்டு பேர் ஊசி போடும் தள்ளுவண்டியோடு. ஒருத்தி புறநோயாளி பதிவேட்டில். காலனியிலிருந்து போன நாங்கள் மூன்று பேர் மலச்சட்டி எடுக்கவும், தரை துடைக்கவும், ரத்தம் படிந்த விரிப்புகளை அலசவும். சாதி என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. தெருவைத்தான் கேட்டார்கள்.

எங்கள் டீச்சர் ஒரு தடவை வந்தார். மேனேஜர் அறையில் டீ குடித்தார், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார், போனார். பயிற்சி முடிந்தபோது ஆறு பேருக்கும் ஒரே வாசகத்தில் சான்றிதழ்: பயிற்சியைச் செம்மையாக நிறைவு செய்தார். செய்முறைத் தேர்வில் ஊசி போட்டுக் காட்டச் சொன்னார்கள். நான் சிரிஞ்சைக் கையில் பிடித்தது அன்றைக்கு இரண்டாவது முறை.

மலச்சட்டி எடுப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைப் பராமரிக்கிற யாரும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆறு பேரும் மாறி மாறிச் செய்திருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி. மூன்று பேர் மட்டும் செய்ததால் அதற்குப் பெயர் வேறு.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதிதான் கூலி அதிகம். அதில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. காரணம் என்ன தெரியுமா? தறியில் தார் தீர்ந்து புதிது மாட்டும்போது, நூல் முனையை வாயால் உறிஞ்சி நாடாவின் துளை வழியே இழுக்க வேண்டும். தலித் வாய் வைத்ததில் நாங்கள் எப்படி வாய் வைப்பது என்றார்கள் மற்ற தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் எழுப்பினார். திறன் இல்லாததால் நெசவுக்குப் போகாதவர்கள் அல்ல அவர்கள். நெசவுக்கு விடாததால் திறன் இல்லாமல் போனவர்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஊசித் தள்ளுவண்டிதான் ஞாபகம் வந்தது.

அதனால் தொழிற்கல்வியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நம் தோழர்களில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கோபம் புரிகிறது. 1953-ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனிடம் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். மாகாணமே கொதித்தது. அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சி 1954 மே மாதம் அதைத் தூக்கிப் போட்டது. அன்றைக்கு அது நிற்காமல் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்போம்?

அந்தத் திட்டத்தின் வாசனை இன்னும் போகவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்கள். தச்சர், கொல்லர், முடிதிருத்துபவர், சலவையாளர், செருப்புத் தைப்பவர் என்று பட்டியல் போகிறது. பதினெட்டு வயதில் சேரலாம், குடும்பவழி மரபுத் தொழில் ஒன்றில் ஈடுபட்டிருக்க வேண்டும். கல்லூரியில் சேர வேண்டிய வயது அது. தமிழ்நாடு அரசு இதை அப்படியே ஏற்க மறுத்தது. பரம்பரைத் தொழில் நிபந்தனையை எடுத்துவிட்டு, வயதை முப்பத்தைந்தாக உயர்த்தி, கலைஞர் கைவினைத் திட்டம் என்று 2025-ல் தனியாகத் தொடங்கியது. ஒரு வயது வரம்புக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது பாருங்கள். பதினெட்டில் கொடுத்தால் அது குலத்தொழிலுக்கு இழுக்கும் கயிறு. முப்பத்தைந்தில் கொடுத்தால் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவருக்கு உதவி. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறது. நகரத்து இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைக்கு அது சுற்றுலா. நம் ஊர்ப் பிள்ளைக்கு உள்ளூர்த் 'தொழில் வல்லுநர்' யார்? அவன் அம்மாதான். கூட்டிப் போவது அதே ஜீப்தான்.

ஆனாலும் நான் மறுப்போடு நிற்கத் தயாராக இல்லை. அம்பேத்கர் நிற்கவில்லை. 1942-ல் அவர் வைஸ்ராயிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி நீண்ட மனு ஒன்று கொடுத்தார். அதில் அவர் அரசு வேலை, கல்வி உதவித்தொகை ஆகியவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பழகுநர்களாக எடுக்க வேண்டும் என்றார். கவனியுங்கள், தோல் பதனிடும் கூடத்தில் அல்ல. அச்சகத்திலும் ரயில்வேயிலும். சாதி நமக்கு ஒதுக்காத வேலையில், நவீன இயந்திரத்தின் பக்கத்தில், அரசின் பொறுப்பில் பயிற்சி. பெரியார் எதிர்த்ததும் அம்பேத்கர் கேட்டதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஒருவர் மூடிய கதவை எட்டி உதைத்தார், இன்னொருவர் திறக்க வேண்டிய கதவைக் கைகாட்டினார்.

இன்றைக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது? தொழிற்பழகுநர் சட்டம், 1961. இந்தச் சட்டத்தை நம் இயக்கங்களில் யாரும் படிப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரிந்த அளவுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு நிறுவனத்தில் முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்தால், அதன் ஆள் பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். இது கட்டாயம். எடுக்காவிட்டால் அபராதம். ஆக, ஒரு கம்பெனி உங்கள் கல்லூரிக்கு வந்து 'பயிற்சி வாய்ப்புத் தருகிறோம்' என்று பேனர் கட்டும்போது, அது கர்ணன் வேலை அல்ல. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்கிறது. உதவித்தொகையில் ஒரு பங்கை அரசும் ஏற்கிறது. 2019-ல் திருத்திய விதிப்படி, படிப்புக்கு ஏற்ப மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று இருந்தது.

அடுத்தது, நமக்கு முக்கியமானது. 1973-ல் இந்தச் சட்டத்தில் 3ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும். பின்னர் 3பி வந்து பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தது. சொல்லைக் கவனியுங்கள்: முதலாளி. அரசு மட்டுமல்ல, தனியார் முதலாளியும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று நாம் மேடை மேடையாகக் கேட்கிறோம். அதன் வாசற்படி ஐம்பது ஆண்டாகச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. நம் பள்ளத்தாக்கைச் சுற்றி எத்தனை மில் இருக்கிறது, எத்தனை ஆலை இருக்கிறது? அங்கே போய் 3ஏ பற்றி யார் கேட்டோம்? நானும் கேட்டதில்லை. ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்தது.

மூன்றாவது, இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையில்? முதலாளிக்கும் பழகுநருக்கும் இடையில். பழகுநர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் அவருடைய பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். அது பதிவாக வேண்டும். வேலை நேரம், காயம் பட்டால் நட்டஈடு, முடிவில் தேர்வு, சான்றிதழ் எல்லாம் அதற்குள் வரும்.

இப்போது பள்ளியும் கல்லூரியும் போடுகிற புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். என் ஆய்வுக்காகச் சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும். இந்தப் பக்கம் கல்லூரி முதல்வர் கையெழுத்து, அந்தப் பக்கம் கம்பெனி மேலாளர் கையெழுத்து. எத்தனை மாணவரை அனுப்புவது, எந்தச் சீருடை, கம்பெனி ரகசியத்தை வெளியில் சொல்லக்கூடாது, எல்லாம் இருக்கும். மாணவர் என்ன வேலையில் பழகுவார்? யார் கற்றுத்தருவார்? விரல் போனால் யார் பொறுப்பு? எந்த வேலைக்கு யாரை அனுப்புவது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்வார்கள்? நான் படித்தவற்றில் இதற்கெல்லாம் வரி இல்லை. என்னை மருத்துவமனைக்கு அனுப்பிய கடிதமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதில் என் கையெழுத்தும் இல்லை, என் அம்மாவின் கைநாட்டும் இல்லை. எழுதாமல் விட்ட இடத்தை யார் நிரப்புவார்கள்? நம் சமூகத்தில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. எழுதாமல் விட்ட இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'பழகுநர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திண்டுக்கல், தேனி, கோவை, திருப்பூர் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததே, அதில் போன பெண்களுக்கும் பெயர் பயிற்சியாளர்தான். மூன்று வருசம் மில் விடுதியில் அடைந்து கிடந்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. தரகர் வீடு தேடி வருவார், அதுவும் பரீட்சை முடிகிற மாதம் பார்த்து. போனவர்களில் பெரும்பாலோர் நம் தெருப் பெண்கள். மூன்று வருசம் நூல் பிரிவில் நிற்கிற பெண் அதற்குப் பிறகும் என்ன பழகுகிறாள்? பஞ்சு தூசியைப் பழகினாள். என் கூட ஐந்தாவது வரை படித்தவள் ஒருத்தி இரண்டே கால் வருசத்தில் திரும்பி வந்துவிட்டாள். மூன்று முடியவில்லை என்பதால் அந்தத் தொகை வரவில்லை. அவள் இப்போது ஜீப்பில் போகிறாள்.

ஜெர்மனியைப் பாருங்கள் என்பார்கள் அறிஞர்கள். பார்த்திருக்கிறேன். அங்கே வாரத்தில் சில நாள் தொழிற்சாலை, சில நாள் தொழிற்பள்ளி. ஊதியத்தைத் தொழிற்சங்கம் பேசி முடிவு செய்கிறது, பாடத்திட்டத்திலும் தொழிற்சங்கத்துக்குக் குரல் உண்டு. நம்மவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தொழிற்சாலையை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்து அனுப்புவதால், அங்கே துருக்கியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் கீழ்ப்படிப் பள்ளிகளில் தேங்கினார்கள் என்று நீண்ட காலமாக விமர்சனம் இருக்கிறது. ஆக ஜெர்மனியிலும் ஒரு தெருப் பெயர் இருக்கிறது.

நம் அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் நான் முதல்வன் வந்தது. 71 அரசு ஐடிஐ-க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரூ.2,877 கோடியில் புதுப்பிக்கப்பட்டன. ரோபோ, சிஎன்சி எந்திரம் எல்லாம் வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐ-யில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்லது. என் கேள்வி அந்த எந்திரத்தைப் பற்றி அல்ல. எந்திரத்தின் முன்னால் நிற்பது யார், பக்கத்தில் பெருக்குவது யார் என்பது பற்றி. அந்தக் கணக்கைச் சாதிவாரியாக, பாலினவாரியாக அரசு வெளியிடட்டும். வெளியிடச் சொல்லி நாம் கேட்போம்.

நம் ஊருக்கு வருகிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போடியில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் இருக்கிறது. காயை எடுக்கிற கை நம்முடையது. அதே காயைத் தரம் பிரிக்கிற, ஈரப்பதம் பார்க்கிற, பூச்சிமருந்து எச்சம் சோதிக்கிற, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏலம் கேட்கிற கை யாருடையது? நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒப்பந்தம் போட வேண்டிய இடம் அந்த இரண்டாவது கை இருக்கிற இடம். ஏலத்தோட்டத்துக்காரர் 'அக்ரி மாணவர்களுக்குக் களப்பயிற்சி' என்று கூப்பிட்டால், களையெடுக்கவும் காய் எடுக்கவும் என் தம்பிக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், அவன் ஆறு வயதிலேயே முடித்துவிட்டான் என்று சொல்லுங்கள். சோதனைக்கூடம் இருந்தால் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மின்வாரியமும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் தொழிற்பழகுநர் அறிவிப்பு வெளியிடுகின்றன. டிப்ளமோ, டிகிரி, ஐடிஐ எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அந்த அறிவிப்பு வரும் நாளில் நம் படிப்பகத்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழகுநர் பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 22-வது பிரிவு முதலாளியைத் தப்பிக்க விட்டிருக்கிறது. 2014 திருத்தம் ஒவ்வொரு நிறுவனமும் அதற்கென்று ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்கிறது. அந்தக் கொள்கையை எழுத்தில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

கேள்வி நேரத்துக்கு முன்னால் ஒன்று. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தாளைக் காட்டினாள். அவள் கல்லூரியில் கொடுத்ததாம், இரண்டு மாத இன்டர்ன்ஷிப், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். நான்கு பக்கம், ஆங்கிலம். அவள் எந்தப் பிரிவில் வேலை செய்வாள் என்று அதில் இல்லை, உதவித்தொகை என்ற வார்த்தையும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த வாய்ப்பு அவளுக்குத் தேவையாக இருக்கலாம். நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கேயே உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்து, கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுதப் போகிறோம். வியாழக்கிழமை அவள் அம்மாவும் நானும் கல்லூரிக்குப் போகிறோம். இதே மாதிரித் தாள் உங்கள் வீட்டிலும் இருந்தால் நாளைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜீப் திரும்பி வருகிற நேரம் பார்த்துத்தான் ஆறு மணி என்று வைத்திருக்கிறோம்.